பந்து கூடையில்... படபடப்பு நெஞ்சில்!

2019-ம் வருஷம், மே 12. கனடாவின் டொரன்டோ நகரம். கூடைப்பந்து மேட்ச். இரண்டு அணிகளும் சரிசமமாக 90 பாயின்ட். ஆட்டம் முடிய இன்னும் நாலே விநாடி! டொரன்டோ ராப்டர்ஸ் அணியின் கவாய் லெனர்ட் பந்தோடு மூலைக்கு ஓடுகிறார். ஏழடி உயர எதிராளி ஒருவர் கையை நீட்டிக்கொண்டு துரத்துகிறார். அந்தக் கைக்கும் மேலே பந்தைத் தூக்கி எறிகிறார் லெனர்ட். பந்து காற்றில் இருக்கும்போதே ஆட்டம் முடிந்ததற்கான ஹாரன் அலறுகிறது. பந்து இரும்பு வளையத்தின் மேல் விழுந்து குதிக்கிறது. ஒரு தடவை... இரண்டு... மூன்று... நான்கு! அப்புறம்தான், 'போனால் போகிறது' என்பதுபோல மெல்லக் கூடைக்குள் இறங்குகிறது. 92-90. ஃபிலடெல்பியா அணி ஊருக்கு மூட்டை கட்ட, டொரன்டோ அடுத்த சுற்றுக்குப் போனது.

அந்தச் சில விநாடி வீடியோவை ராப்டர்ஸ் ரசிகர்கள் இன்றைக்கும் ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இலங்கையிலிருந்து 1983-க்குப் பிறகு போன தமிழ்க் குடும்பங்கள் பெருவாரியாக வாழும் ஸ்கார்பரோ, டொரன்டோவின் கிழக்குப் பகுதிதான். உங்க அக்கா பிள்ளைகளோ சித்தப்பா பிள்ளைகளோ அங்கே இருந்தால், அந்த வீடியோ உங்க செல்போனுக்கும் வந்திருக்கலாம். அங்கே ராத்திரி மேட்ச் நடக்கும்போது நமக்கு விடிகாலை. காபி ஆறுவதற்குள் 'டிங்... டிங்...' என்று ஹைலைட்ஸ் வந்து விழும்.

சரி, ஒரு சந்தேகம். மைதானத்தில் ஓடி ஆடுகிற பத்துப் பேருக்கு மூச்சு வாங்குவது நியாயம். சோபாவில் உட்கார்ந்து சிப்ஸ் கொறிக்கிறவருக்கு ஏன் உள்ளங்கை வியர்க்கிறது? நெஞ்சு ஏன் 'திக் திக்' என்கிறது? அதே வீடியோவைப் பத்தாவது தடவை பார்த்தும் ஏன் சலிப்பதில்லை? இதெல்லாம் உடம்புக்கு நல்லதா, கெட்டதா? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உட்கார்ந்த இடத்திலேயே ஓட்டம்!

'முக்கியமான ஏதோ நடக்கப் போகிறது' என்று மூளை முடிவு கட்டிவிட்டால், அது உங்களுக்கு நடக்கிறதா, டி.வி.யில் வேறு யாருக்கோ நடக்கிறதா என்று ரொம்ப ஆராய்வதில்லை. உடனே நரம்புகள் வழியாகத் தகவல் பறக்கிறது. சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினை ரத்தத்தில் கொட்டுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. பிரஷர் ஏறுகிறது. மூச்சு வேகமாகிறது. கண் பாப்பா விரிகிறது. ஜீரண வேலை கொஞ்ச நேரம் ஒத்திப்போடப்படுகிறது. ஆதி மனிதன் புலியைப் பார்த்து ஓடினானே, அதே ஏற்பாடுதான். என்ன, இங்கே புலியும் இல்லை, ஓட்டமும் இல்லை!

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கனடாவின் மான்ட்ரியல் நகரில், இதய நோய் எதுவும் இல்லாத 20 ரசிகர்கள் ஐஸ் ஹாக்கி மேட்ச் பார்க்கும்போது அவர்களுடைய நாடித்துடிப்பைப் பதிவு செய்தார்கள். 2017-ல் வெளிவந்த முடிவு இது: டி.வி.யில் பார்த்தவர்களுக்குத் துடிப்பு சுமார் 75 சதவிகிதம் கூடியது. நேரில் போய்ப் பார்த்தவர்களுக்கு 110 சதவிகிதம்! சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 70 தடவை துடிக்கும் இதயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டி.வி. முன்னால் அது 120-ஐத் தாண்டும். மைதானத்தில் ஏறக்குறைய 147. இது மாடிப்படி ஏறி இறங்குகிறவரின் துடிப்பு. ஹாக்கி ஆனாலும் கூடைப்பந்து ஆனாலும் ரசிகரின் இதயம் ஒன்றுதானே?

"அடடே, அப்ப மேட்ச் பார்த்தாலே எக்சர்சைஸ்தானா?" என்று சந்தோஷப்படாதீங்க. நடக்கும்போது இதயத்தோடு சேர்ந்து கால் தசைகளும் வேலை செய்கின்றன. சர்க்கரையும் கொழுப்பும் செலவாகின்றன. டென்ஷனில் இதயத்துக்கு மட்டும்தான் ஓவர்டைம். தசைகளுக்கு லீவு. தொப்பை இருந்த இடத்திலேயே இருக்கும்.

'நாம' ஜெயிச்சோம்... 'அவங்க' தோத்தாங்க!

உங்க வீட்டு ரசிகரின் பேச்சைக் கவனியுங்கள். அணி ஜெயித்த மறுநாள், "நாம பின்னிட்டோம்!" என்பார். தோற்ற மறுநாளோ, "அவனுங்க சரியா ஆடலை." ஒரே ராத்திரியில் 'நாம்' எப்படி 'அவர்கள்' ஆனது?

1976-லேயே அமெரிக்காவில் ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். ஏழு பெரிய பல்கலைக்கழகங்களில் கவனித்தபோது, சனிக்கிழமை தங்கள் காலேஜின் அமெரிக்கக் கால்பந்து அணி ஜெயித்திருந்தால், திங்கட்கிழமை காலேஜ் பெயர் போட்ட சட்டையோடு வருகிற மாணவர்கள் அதிகம். அடுத்தவர் வெற்றியின் வெயிலில் குளிர் காய்வது மனித சுபாவம். இப்போது அந்தச் சட்டையின் இடத்தை ஹைலைட்ஸ் வீடியோ பிடித்துக்கொண்டது. "இதைப் பார்த்தியா!" என்று நீங்கள் அனுப்பும்போது, அந்த வெற்றியில் ஒரு துண்டு உங்களுடையதாகவும் ஆகிவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து என்றால் உயிர். அங்கே மாணவர்களைத் தங்கள் அணியின் மேட்ச்சை டி.வி.யில் பார்க்கவைத்து, உடனே சில கேள்விகள் கேட்டார்கள். குறி பார்த்து எறிவதில் நீங்கள் எவ்வளவு கெட்டி? வார்த்தைப் புதிரை எவ்வளவு வேகமாக விடுவிப்பீர்கள்? ஓர் அழகான பெண்ணையோ பையனையோ வெளியே அழைத்தால் வருவாரா? அணி ஜெயித்த நாளில் எல்லோரும் தங்களைப் பற்றித் தாராளமாக மார்க் போட்டுக்கொண்டார்கள். தோற்ற நாளில் அதே ஆட்களுக்குத் தன்னம்பிக்கை சரிந்தது. 1992-ல் வந்த ஆய்வு இது. மேட்ச்சில் தோற்றது ஐந்து ஆட்டக்காரர்கள். தாழ்வு மனப்பான்மை வந்தது விடுதி அறையில் உட்கார்ந்திருந்த பையனுக்கு!

ஹார்மோன்கூட ஆடுகிறது. 1998-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், கூடைப்பந்து ரசிகர்களின் எச்சிலையும், 1994 உலகக் கோப்பைக் கால்பந்து பார்த்த ரசிகர்களின் எச்சிலையும் மேட்ச்சுக்கு முன்னும் பின்னும் எடுத்துச் சோதித்தார்கள். ஜெயித்த அணியின் ஆண் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்மை ஹார்மோன் கூடியிருந்தது. தோற்ற அணியின் ரசிகர்களுக்குக் குறைந்திருந்தது.

ஆகவே, அணி தோற்ற அன்று உங்க பையன் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "எவனோ பந்து போட்டதுக்கு நீ ஏன்டா அழறே?" என்று கிண்டல் பண்ணாதீங்க. அந்த வருத்தம் நடிப்பு அல்ல. ஒரு நாளில், அதிகம் போனால் இரண்டு நாளில் சரியாகிவிடும்.

ஹைலைட்ஸ் ஒரு நொறுக்குத்தீனி!

இதைச் சொன்னது டயட்டீஷியன் இல்லை. அமெரிக்க, கனடிய அணிகள் ஆடும் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகின் ஆணையராக 2014-ல் பொறுப்பேற்ற ஆடம் சில்வர்தான். 'எங்கள் வீடியோவைப் போடாதே' என்று ரசிகர்களை விரட்டாமல், தாராளமாகப் பகிர்ந்துகொள்ள விட்டது அவருடைய லீக். காரணம் கேட்டபோது அவர் சொன்ன விளக்கம் இதுதான்: ஹைலைட்ஸ் நொறுக்குத்தீனி, மேட்ச் முழுச்சாப்பாடு. தீனியை இலவசமாகக் கொடுத்தால், சாப்பாட்டுக்கு ஆள் தானாக வரும்!

வியாபாரத்துக்கு அது சரி. உடம்புக்கு? பஜ்ஜியை நினைத்துக்கொள்ளுங்கள். மாலையில் இரண்டு பஜ்ஜி, நாலு பேரோடு சேர்ந்து சாப்பிட்டால் சந்தோஷம். இருட்டில் தனியாக உட்கார்ந்து தட்டு காலியாகும் வரை தின்றால்?

முழு மேட்ச் 48 நிமிஷம். நடுவில் வரும் இடைவெளிகளையும் சேர்த்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதில் சலிப்பு உண்டு, காத்திருப்பு உண்டு. எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம். பக்கத்திலிருப்பவரோடு வாய்ச்சண்டை போடலாம். மனசுக்கு மேடும் பள்ளமும் கிடைக்கிறது. ஹைலைட்ஸில் பள்ளமே கிடையாது. உச்சம், உச்சம், இன்னொரு உச்சம்... அவ்வளவுதான்.

இங்கேதான் டோபமின் என்ற மூளை ரசாயனம் வருகிறது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துச் சோதித்துப் பார்த்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது டோபமின் செல்கள் 'படபட'வென்று இயங்கின. 'இப்போது சாறு வரும்' என்பது பழகிப்போன பிறகு, சாறு கிடைத்தும் அவை கிளர்ச்சி அடையவில்லை. அதற்குப் பதிலாக, சாறு வருவதற்கான அறிகுறி தெரிந்ததுமே துள்ளத் தொடங்கின! செல்போன் திரையில் கட்டைவிரலால் தள்ளும்போதும் கிட்டத்தட்ட இதேதான். அடுத்து வரப்போவது அற்புதமான ஷாட்டா, சுமாரான ஷாட்டா என்பது தெரியாது. அந்தத் 'தெரியாது'தான் விரலைத் தள்ளவைக்கிறது. 'இன்னும் ஒண்ணு பார்த்துட்டுத் தூங்கறேன்' என்பது அரை மணி, முக்கால் மணி என்று இழுத்துக்கொண்டு போவது இப்படித்தான்.

வீடியோவில் வராத 23 ஷாட்!

ஹைலைட்ஸ் செய்யும் இன்னொரு வேலை, நம் கணக்கைக் குழப்புவது. ஆரம்பத்தில் சொன்னேனே லெனர்ட், அன்று ராத்திரி அவர் எடுத்தது 41 பாயின்ட். அதற்காக அவர் எத்தனை ஷாட் எறிந்தார் தெரியுமா? 39. உள்ளே போனது 16. மீதி 23 ஷாட்டும் வெளியே! அது மட்டுமா? கடைசி நிமிஷத்தில் அவருக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றைத் தவறவிட்டார். அதனால்தான் எதிரணியால் 90-90 என்று சமன் செய்யவே முடிந்தது. உலகமே பகிர்ந்த அந்த ஒரு ஷாட்டுக்குப் பின்னால் 23 தவறுகள் இருக்கின்றன. அவற்றை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை.

என்.பி.ஏ.வின் உலகத்தரமான வீரர்களே 100 ஷாட் எறிந்தால் சராசரியாகப் பாதிக்கு மேல் உள்ளே போவதில்லை. இதை வளரும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். நாள் பூரா வெற்றி வீடியோவாகவே பார்க்கும் பிள்ளை, தான் போய் எறிந்து நாலு பந்து தவறினால், "எனக்கு வராதுப்பா" என்று திரும்பி வந்துவிடும். "அந்த லெனர்டே அன்னிக்கு 23 தடவை விட்டார்டா" என்ற ஒரு வார்த்தை, பெரிய டானிக்!

பெரியவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. ஒருத்தர் தொடர்ந்து மூன்று ஷாட் போட்டால் 'கை சூடாகிவிட்டது, அடுத்ததும் விழும்' என்று ரசிகர்கள் நம்புவார்கள். 1985-ல் ஃபிலடெல்பியா அணியின் ஷாட்டுகளை எண்ணிப் பார்த்த மூன்று ஆராய்ச்சியாளர்கள், அப்படி ஒரு சூடு கணக்கில் தெரியவில்லை என்று எழுதினார்கள். அவர்கள் கேட்டுப் பார்த்த 100 ரசிகர்களில் 91 பேரோ சூடு உண்டு என்று நம்பினார்கள்! பிறகு 2018-ல் வேறு இருவர், அந்தக் கணக்கு முறையிலேயே ஒரு சறுக்கல் இருக்கிறது, கொஞ்சம் சூடு உண்டு என்று காட்டினார்கள். எப்படி இருந்தாலும், வெட்டி ஒட்டிய வீடியோவில் தெரியும் அளவுக்குச் சூடு யாருக்கும் கிடையாது. கனடாவில் 2021-லிருந்து தனி மேட்ச் மீது பந்தயம் கட்டச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஹைலைட்ஸைப் பார்த்துவிட்டு, "இவன் இன்னிக்கும் அடிப்பான்" என்று பணம் கட்டுவது, ரயில் பெட்டியில் பார்த்த விளம்பரத்தை நம்பி ஆபரேஷன் பண்ணிக்கொள்வது போலத்தான்.

தூக்கம் போச்சே!

ரசிகர்களுக்கு முதல் அடி விழுவது இதயத்தில் அல்ல, தூக்கத்தில். அமெரிக்காவின் மேற்குக் கரையில் மேட்ச் நடந்தால், டொரன்டோவில் இருப்பவருக்கு அது ராத்திரி பத்து, பத்தரைக்குத்தான் தொடங்கும். முடிய ஒரு மணி ஆகிவிடும். முடிந்ததும் தூக்கம் வருமா? அட்ரீனலின் அடங்க நேரம் வேண்டும். அந்த நேரத்தில்தான் ஹைலைட்ஸ் மழை பொழியும். திரையின் வெளிச்சம், தூக்கத்துக்கு மணி அடிக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனைத் தள்ளிப்போடும். மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போக வேண்டியவர் கதி என்ன?

நம் ஊர் ரசிகருக்குக் கதை தலைகீழ். விடிகாலை ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழுந்து மேட்ச் பார்க்கிறார். எழுவதில் தப்பே இல்லை, ஒன்பதரைக்குப் படுத்திருந்தால்! முந்தின நாள் ஹைலைட்ஸைப் பன்னிரண்டு மணி வரை பார்த்துவிட்டு ஐந்தரைக்கு எழுந்தால், ஐந்தரை மணி நேரத் தூக்கம்தான். 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8-லிருந்து 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும்.

"தூக்கம் போனா போகட்டும்" என்கிற பிள்ளைக்கு இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரை ஐந்திலிருந்து ஏழு வாரம் வரை தினமும் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கும்படி பழக்கினார்கள். புதுப் பயிற்சி எதுவும் தராமலே, ஃப்ரீ த்ரோ துல்லியம் 9 சதவிகிதம் கூடியது. மூன்று பாயின்ட் ஷாட்டிலும் அதே அளவு முன்னேற்றம்! 2011-ல் வெளியான ஆய்வு. ஆடுகிறவர் நன்றாகத் தூங்குகிறார். பார்க்கிறவர்தான் கண்விழிக்கிறார்!

இதயம் பலவீனமா? உஷார்!

இப்போது கொஞ்சம் சீரியஸான விஷயம். வீட்டில் பிரஷர், சுகர் உள்ளவரோ, ஏற்கெனவே ஹார்ட் அட்டாக் வந்தவரோ, ஸ்டென்ட் வைத்தவரோ இருந்தால், இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

2006-ல் ஜெர்மனியில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தது. மியூனிக் வட்டாரத்தில் அவசர சிகிச்சைக்கு வந்த இதய நோயாளிகளை டாக்டர்கள் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில், மற்ற நாட்களைவிட 2.66 மடங்கு அதிகம்! ஆண்களில் மட்டும் பார்த்தால் 3.26 மடங்கு. பெண்களில் 1.82 மடங்கு. ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் அதிகம் பேர் வந்தார்கள். ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களுக்கே ஆபத்து அதிகம் என்பதும் தெரிந்தது. 2008-ல் இது ஒரு பிரபல மருத்துவ இதழில் வெளிவந்தது.

காரணம் என்ன? பிரஷர் திடீரென்று ஏறும்போது, இதய ரத்தக் குழாயில் ஏற்கெனவே படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு கிழியலாம். அந்த இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், ஹார்ட் அட்டாக். கூடவே சிகரெட், மது, உப்பு அதிகமான தீனி, 'மேட்ச் முடியட்டும்' என்று தள்ளிப்போட்ட மாத்திரை... எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

பயந்து மேட்ச்சையே விடச் சொல்லவில்லை. ஆரோக்கியமான இதயம் இந்த ஆட்டத்தைத் தாங்கும். ஆனால், மேட்ச் நடுவே நெஞ்சில் பாரம், இறுக்கம், அழுத்தம் வந்தாலோ, வலி இடது கை, தோள், தாடை என்று பரவினாலோ, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், தலைசுற்றல் வந்தாலோ, 'டென்ஷன்தான், கடைசிக் கால் மணி நேரம் பார்த்துடலாம்' என்று உட்காராதீங்க. பெண்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலி தெளிவாக வராமல், குமட்டல், அசாத்தியக் களைப்பு என்று வேறு வேஷத்தில் வரலாம். உடனே ஆம்புலன்ஸ். இங்கே 108, கனடாவில் 911. ஸ்கோர் மறுநாளும் தெரிந்துகொள்ளலாம். இதயத் தசைக்கு மறுநாள் கிடையாது.

கூடினால் கூடும் ஆரோக்கியம்

இத்தனை எச்சரிக்கையும் கேட்டு, 'அப்ப ரசிகராக இருப்பதே தப்பா?' என்று தோன்றலாம். இல்லவே இல்லை! அமெரிக்காவில் டேனியல் வான் என்ற உளவியல் பேராசிரியர் விளையாட்டு ரசிகர்களைப் பற்றியே பல வருஷம் ஆராய்ந்தவர். தன் ஊர் அணியோடு மனசார ஒட்டிக்கொண்டவர்களுக்குத் தனிமை உணர்வு குறைவு என்பது அவருடைய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தது. முன்பின் தெரியாதவரிடமும், "நேத்து பார்த்தீங்களா?" என்று பேச்சை ஆரம்பிக்கலாமே!

கனெக்டிகட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து ரசிகர்களை வைத்து 2022-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். மைதானத்தில் கூட்டத்தோடு பார்த்தவர்களின் இதயத்துடிப்பு ஒன்றோடொன்று ஒத்து ஏறி இறங்கியது. சிறு குழுக்களாக டி.வி.யில் பார்த்தவர்களிடம் அந்த ஒற்றுமை அவ்வளவாக இல்லை. துடிப்பு அதிகம் ஒத்துப்போனவர்களே, 'இது என் வாழ்க்கையில் முக்கியமான அனுபவம்' என்றும் சொன்னார்கள்.

டொரன்டோவில் மைதானத்துக்கு வெளியே 'ஜுராசிக் பார்க்' என்று ரசிகர்கள் செல்லமாகப் பெயர் வைத்த ஒரு சதுக்கம் இருக்கிறது. டிக்கெட் கிடைக்காதவர்கள் அங்கே ராட்சசத் திரையின் முன் நின்று மேட்ச் பார்ப்பார்கள். 2019 ஜூன் 13-ல் கோல்டன் ஸ்டேட் அணியை 114-110 என்று வென்று ராப்டர்ஸ் முதல் தடவையாகக் கோப்பையை வாங்கிய ராத்திரி, நகரமே தெருவில் இருந்தது. அந்த ரசிகர்களில் நம்மவர் ஒருவரும் உண்டு. 1984-ல் இந்தியாவிலிருந்து கனடா போன நவ் பாட்டியா என்ற சீக்கியர், 1995-ல் அணி தொடங்கிய நாளிலிருந்து சீசன் டிக்கெட் வாங்கி, மற்ற பிள்ளைகளையும் மேட்ச்சுக்கு அழைத்துப் போகிறவர். வெற்றி மோதிரம் அவருக்கும் கிடைத்தது. 2021-ல் கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் முதல் ரசிகராக இடம் பிடித்தார். அவர் ஒரு பந்தும் போட்டதில்லை. நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ரசித்தார், அவ்வளவுதான்.

ஆகவே, வீடியோ அனுப்புவது நல்ல பழக்கம். ஸ்கார்பரோவிலிருந்து மருமகன் அனுப்பும் வீடியோவுக்கு வெறும் கட்டைவிரல் படத்தைப் பதிலாகத் தட்டிவிட்டுப் போகாதீங்க. போன் போட்டு, "என்னடா, கடைசியில பயந்துட்டியா?" என்று இரண்டு வார்த்தை கேளுங்கள். பத்து விநாடி வீடியோ, பத்து நிமிஷப் பேச்சாக மாறும். மருந்து அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

ஆனால், கூட்ட உற்சாகம் சில சமயம் எல்லை தாண்டும். அதே 2019 இறுதிச் சுற்றின் ஐந்தாவது மேட்ச்சில், எதிரணி நட்சத்திரம் கெவின் டியூரன்ட் குதிகால் தசைநார் அறுந்து விழுந்தார். டொரன்டோ ரசிகர்களில் சிலர் கைதட்டினார்கள்! ராப்டர்ஸ் வீரர்களே கூட்டத்தைப் பார்த்து 'நிறுத்துங்கள்' என்று சைகை காட்ட வேண்டியதாயிற்று. அடுத்தவர் வலியில் சந்தோஷம் வந்தால், டி.வி.யை விட்டுக் கொஞ்சம் எழுந்து நடக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ரசிகர்களுக்கு எட்டு யோசனைகள்

1. ஹைலைட்ஸுக்கு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் 15 நிமிஷம் போதும். படுக்கையில் கூடவே கூடாது.

2. வாரம் ஒரு மேட்ச்சாவது முழுசாக, குடும்பத்தோடு பாருங்கள்.

3. ராத்திரி மேட்ச் முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே பத்து நிமிஷம் நடந்து, முகம் கழுவி, பிறகு படுங்கள்.

4. பிரஷர், இதய மாத்திரைகளை மேட்ச் தொடங்கும் முன்பே வேளை தவறாமல் சாப்பிட்டுவிடுங்கள்.

5. சிப்ஸ், மிக்ஸருக்குப் பதில் சுண்டல், வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு. ராத்திரியில் காபிக்குப் பதில் மோர்.

6. ஒவ்வொரு இடைவேளைக்கும் எழுந்து நில்லுங்கள், நடங்கள்.

7. தோற்ற நாளில் வண்டி ஓட்டும் முன் கொஞ்சம் ஆறுங்கள். கோபத்தைக் குழந்தைகள் மேலும் மனைவி மேலும் காட்டாதீர்கள்.

8. மேட்ச் மேல் பணம் கட்டாதீர்கள். கட்டாமல் இருக்க முடியவில்லை என்றால், கூச்சப்படாமல் மனநல டாக்டரைப் பாருங்கள்.

கடைசியாக ஒரு விஷயம்...

கூடைப்பந்து எப்படிப் பிறந்தது தெரியுமா? 1891 டிசம்பர். அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்டு நகரம். வெளியே கடுங்குளிர். உள்ளே அடைந்து கிடந்த மாணவர்கள் சலிப்பில் ரகளை பண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு உடற்பயிற்சி வேண்டுமே என்று, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பால்கனியின் கைப்பிடியில் பத்தடி உயரத்தில் இரண்டு பழக்கூடைகளை மாட்டி, பந்தைக் கொடுத்து ஆடச் சொன்னார். அவர் பிறந்தது கனடாவில். பிற்பாடு மருத்துவமும் படித்து 1898-ல் பட்டம் வாங்கினார். உட்கார்ந்திருப்பவர்களை எழுப்புவதற்காகவே கண்டுபிடித்த விளையாட்டு இது!

குழந்தைகளுக்குத் தினமும் 60 நிமிஷமும், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷமும் உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அடுத்த தடவை உங்க பிள்ளை, "அம்மா, இந்த ஷாட்டைப் பாரேன்!" என்று செல்போனை நீட்டும்போது, நன்றாகப் பாருங்கள், ரசியுங்கள். பிறகு, "வா, நாமளும் எறிஞ்சு பார்க்கலாம்" என்று கையைப் பிடித்துப் பக்கத்து ஸ்கூல் மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். 39 தடவை எறிந்து 23 தடவை தவறினாலும் பரவாயில்லை. அன்று ராத்திரி இரண்டு பேருக்கும் நன்றாகத் தூக்கம் வரும்!